பெர்சென்டைல் 99, கிரேடு ஈக்விவலன்ட் 5.4: மகளை ஒரு வகுப்பு தாண்டிப் போடலாமா?

இரண்டாம்_வகுப்பு_அம்மா எழுதியது:

கொஞ்சம் நீளமான கேள்வி. விவரம் தெரிந்தவர்கள் யாராவது நேராகப் பதில் சொன்னால் நிம்மதியாக இருக்கும்.

மகள் இரண்டாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். வயது 8 வருடம் 9 மாதம். பள்ளியில் சேர்க்கும் கடைசித் தேதியைப் பத்து நாளில் தவறவிட்டதால் ஒரு வருடம் கழித்துத்தான் சேர்த்தோம், அதனால் வகுப்பில் அவள்தான் மூத்தவள். இந்த வருடம் முழுக்க ஒரே புகார். வீட்டுக்கு வந்து பையை வைத்ததும் "இன்னைக்கும் தெரிஞ்சதையேதான் சொல்லிக் கொடுத்தாங்க" என்பாள். முதலில் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு காலையில் வயிறு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள், விடுமுறை முடிகிற இரவானால் முகம் வாடிவிடும். டாக்டர் பார்த்துவிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். அப்புறம்தான் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்று பள்ளியில் சொன்னார்கள்.

இப்போது கையில் இரண்டு ரிப்போர்ட். ஒன்று விஸ்க்-5 என்கிற பிள்ளைகளுக்கான ஐக்யூ டெஸ்ட், சைக்காலஜிஸ்ட் அவளைத் தனியாக உட்காரவைத்து எடுத்தது. மொழிப் புரிதல் 142, வடிவங்களையும் இடத்தையும் புரிந்துகொள்வது 126, புதிதாக ஒன்றைக் கொடுத்தால் யோசித்துக் கண்டுபிடிப்பது 134, மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் நினைவு 117, வேகம் 98. எல்லாம் சேர்ந்த ஐக்யூ 131 என்று போட்டு, பக்கத்திலேயே 124–135 என்றும் இருக்கிறது. இன்னொன்று இரண்டாம் வகுப்புக்கான பாடத் தேர்வு. வாசிப்பு 99-ஆவது பெர்சென்டைல், கிரேடு ஈக்விவலன்ட் 6.1. கணக்கு 99, கிரேடு ஈக்விவலன்ட் 5.4. எழுதுவது மட்டும் 74, கிரேடு ஈக்விவலன்ட் 3.4.

பள்ளியில் "ஸ்கோர் நன்றாக இருக்கிறது, நேராக நான்காம் வகுப்பில் போடுவதானால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று விட்டுவிட்டார்கள். வீட்டில் அவருக்கு இதில் உடன்பாடு. எனக்குத்தான் குழப்பம். 5.4 என்றால் இவளுக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு வரும் என்று அர்த்தமா? 142-ஐப் பார்ப்பதா, 131-ஐப் பார்ப்பதா? வேகம் 98 என்பது ஏதாவது குறையா? வகுப்பு தாண்டிப் போட்டு அவள் தடுமாறினால் அந்தத் தப்பு என்னுடையது, போடாமல் இன்னொரு வருடம் இப்படியே வாடினால் அதுவும் என்னுடையதுதான்.


அளவுகோல் எழுதியது:

பிள்ளைகளுக்கு இந்த டெஸ்டுகளை எடுத்து ரிப்போர்ட் எழுதுவதுதான் பல வருடமாக என் வேலை. உங்கள் மகளை நான் பார்த்ததில்லை, அதனால் எண்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் அந்த 5.4-ஐ ஓரமாக வைத்துவிடுங்கள். ரிப்போர்ட்டில் பெற்றோரை அதிகம் ஏமாற்றுவது அந்த எண்தான். அவள் எழுதியது இரண்டாம் வகுப்புக் கேள்வித்தாள். அதே தாளை ஐந்தாம் வகுப்பில் நான்கு மாதம் படித்த ஒரு சராசரிப் பிள்ளையிடம் கொடுத்தால் எவ்வளவு வாங்குமோ அவ்வளவு இவள் வாங்கியிருக்கிறாள், 5.4 சொல்வது இவ்வளவுதான். பெரும்பாலும் அந்தத் தாளை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள், கீழ் வகுப்புகளின் போக்கை வைத்துக் கோட்டை நீட்டிக் கணக்கிட்டிருப்பார்கள். அந்தத் தாளில் பின்னக் கூட்டல் இல்லை, நீள் வகுத்தல் இல்லை. கேட்காத கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியுமா தெரியாதா என்று அது எப்படிச் சொல்லும்? இரண்டாம் வகுப்புக் கணக்கை அவள் மிக நன்றாகச் செய்கிறாள் என்பது மட்டும் அதிலிருந்து உறுதி.

அடுத்து 99. இது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மார்க் கிடையாது, நூறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் எங்கே நிற்கிறாள் என்பதுதான். சிக்கல் என்னவென்றால் 99-க்கு மேல் அந்த ரிப்போர்ட்டில் இடமே கிடையாது. நான்கடிவரை மட்டும் கோடு போட்ட சுவரில் பிள்ளைகளை நிறுத்தி உயரம் பார்த்தால் நாலடி ஒரு அங்குலம் இருப்பவளும் ஐந்தடி இருப்பவளும் ஒரே "நான்கு". கோட்டுக்கு மேலே இருக்கிறாள் என்று தெரியும், எவ்வளவு மேலே என்று தெரியாது. நடுவில் ஒரு பெர்சென்டைல் என்பது மிகச் சிறிய இடைவெளி, ஓரத்தில் மிகப் பெரியது. ஐக்யூ அளவில் பார்த்தால் 50-ஆவது பெர்சென்டைலிலிருந்து 60-க்குப் போக நாலே புள்ளி போதும். 98-இலிருந்து 99.9-க்குப் போகப் பதினைந்து புள்ளிக்கு மேல் வேண்டும். அதனால் 99 வாங்கிய இரண்டு பிள்ளைகள் ஒரே மாதிரி இருக்க வேண்டியதே இல்லை.

இப்போது விஸ்க். சராசரி 100, ஒரு படி என்பது 15 புள்ளி. 131 என்றால் ஏறக்குறைய 98-ஆவது பெர்சென்டைல். பக்கத்தில் 124–135 என்று போட்டிருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை, நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். உண்மையான அளவு அதற்குள் எங்கேயோ இருக்கிறது என்று பொருள். ஆகவே 129-க்கும் 131-க்கும் நடுவில் கோடு போட்டு "இவள் தேறினாள், அவன் தேறவில்லை" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் உங்கள் மகள் விஷயத்தில் 131-ஐவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 142-க்கும் 98-க்கும் நடுவில் 44 புள்ளி, கிட்டத்தட்ட மூன்று படி. இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும்போது எல்லாவற்றையும் கலந்து ஒரே எண்ணாக்கினால் அது அவளுடைய எந்தப் பக்கத்தையும் சரியாகக் காட்டாது. நினைவையும் வேகத்தையும் விட்டுவிட்டு யோசிக்கும் திறனை மட்டும் வைத்துக் கணக்கிடும் பொதுத் திறன் குறியீடு என்று ஒன்று விஸ்க்-5-இலேயே உண்டு. மறுபடி டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை, இருக்கிற மார்க்கிலிருந்தே போட்டுவிடலாம். சைக்காலஜிஸ்டிடம் அதைக் கேளுங்கள். இவளுக்கு அது 131-ஐவிடக் கூடுதலாகத்தான் வரும். விஸ்க்குக்குள் இருக்கும் சின்னச் சின்னத் துணைத் தேர்வுகளின் மார்க்குகளையும் கேட்டு வாங்குங்கள், அவை 19-உடன் நின்றுவிடும், ஏதாவது ஒன்றிரண்டில் 18, 19 இருந்தால் அங்கேயும் சுவர்க் கோடு தீர்ந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

98 குறை இல்லை, நடுத்தரம். வேகம் என்று அவர்கள் அளப்பது இரண்டு சின்ன வேலைகளில். ஒன்றில் குறியீடுகளைப் பார்த்துப் பென்சிலால் எழுத வேண்டும், மற்றதில் ஒரு குறியீடு வரிசையில் இருக்கிறதா என்று தேடிக் கோடு போட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டே நிமிடம். கை மெதுவாக ஓடினாலும் இறங்கும், ஒவ்வொரு குறியையும் அழகாகப் போட வேண்டும் என்று நினைத்தாலும் இறங்கும், கவனம் சிதறினாலும் இறங்கும், கண்ணில் சிறு கோளாறு இருந்தாலும் இறங்கும். எண் ஒன்றுதான், காரணங்கள் வேறு வேறு, செய்ய வேண்டியதும் அதற்கேற்ப மாறும். எது என்று எதிரில் உட்கார்ந்து பார்த்தவருக்குத் தெரிந்திருக்கும், ரிப்போர்ட்டில் எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதுவதில் 74 வந்ததும் இதோடு சேர்ந்த விஷயமாகத்தான் எனக்குப் படுகிறது.

இந்த இரண்டு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நான் முடிவு சொல்ல மாட்டேன். இன்னொன்று வேண்டும், மேல் வகுப்புக்கான தேர்வு. நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கான தாளை இவளிடம் கொடுத்து, நான்காம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒப்பிட வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி 1972-இல் செய்தது இதுதான். தங்கள் வகுப்பில் முதல் வரிசையில் இருந்த 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி போகிறவர்கள் எழுதும் எஸ்ஏடி தேர்வைக் கொடுத்தார். சொந்த வகுப்புத் தேர்வில் எல்லாரும் ஒரே உயரமாகத் தெரிந்த பிள்ளைகள் அதில் கீழிருந்து மேல்வரை பரந்து போனார்கள். அதற்குப் பிறகுதான் யாருக்கு எவ்வளவு வேகம் தேவை என்று பேச முடிந்தது. உங்கள் மகள் நான்காம் வகுப்புத் தாளில் அந்த வகுப்பின் நடுவிலோ அதற்கு மேலோ நின்றால் எனக்குத் தயக்கம் இருக்காது. 99 எதிர்பார்க்காதீர்கள். அங்கே 60 வந்தால் அது மிக நல்ல செய்தி, வீட்டில் எல்லோரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள், அவளிடமும்.


பொறுமை எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் பையனுக்கு ஏழு வயதில் எடுத்த டெஸ்டில் 138 வந்தது, பத்து வயதில் எடுத்ததில் 127. அவன் மந்தமாகிவிடவில்லை. முதல் நாளில் எல்லாம் கூடிவந்திருக்கிறது, அவ்வளவுதான். மிக உயரமாக வந்த எந்த மார்க்கும் அடுத்த முறை கொஞ்சம் நடுவை நோக்கி இறங்கத்தான் பார்க்கும். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மேசை, அதை வைத்து ஒரு வருடத்தையே தாண்டுவதா? அப்புறம் எந்தப் பதிப்பு என்பதையும் எல்லோரும் பாருங்கள். விஸ்க் நான்காம் பதிப்பு 2003-இல் வந்தது, ஐந்தாவது 2014-இல். பழைய பதிப்பை இன்னும் பயன்படுத்தினால் மார்க் சில புள்ளி கூடுதலாக வரும், ஏனென்றால் ஒப்பிடும் பிள்ளைகள் பழைய காலத்துப் பிள்ளைகள்.

குழந்தைக்கு அலுப்பாக இருந்தால் வீட்டில் கூடுதலாகக் கற்றுக்கொடுக்கலாமே, அவள் வயதுப் பிள்ளைகளோடு இருக்கட்டுமே என்பது என் எண்ணம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.


பழைய_வாத்தியார் எழுதியது:

பொறுமை சொல்கிற பயம் எனக்கும் இருந்தது. ஆசிரியராக இருபத்தாறு வருடம். அதில் முதல் பத்து வருடம் டபுள் புரமோஷன் என்று யார் வந்து கேட்டாலும் வேண்டாம் என்று சொன்னவன் நான். ஒரு பெண் குழந்தையின் அப்பா மூன்று முறை வந்து கேட்டார், மூன்று முறையும் "குழந்தைத்தனம் போய்விடும் சார்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அந்தப் பிள்ளை அந்த வருடம் வகுப்பில் கை தூக்குவதை நிறுத்தியது, அடுத்த வருடம் வீட்டுப்பாடம் எழுதுவதை நிறுத்தியது. முயற்சி செய்யாமலே எல்லாம் வந்துவிடும் என்று பழகிப்போன பிள்ளைக்கு ஏழாம் வகுப்பில் முதல்முறையாகக் கஷ்டமான பாடம் வந்தபோது எப்படி உட்கார்ந்து படிப்பது என்றே தெரியவில்லை. அதற்குப் பிறகுதான், நகர்த்தாமல் வைத்திருப்பதும் ஒரு முடிவு, அதற்கும் விலை இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. இப்போதும் அந்தப் பிள்ளையை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வயதுப் பிள்ளைகளோடு இருக்கட்டும் என்கிறீர்கள். இந்தக் குழந்தை பத்து நாள் முன்னால் பிறந்திருந்தால் எந்த வகுப்பில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இந்நேரம் மூன்றாம் வகுப்பை முடித்து நான்காம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளோடுதான் இருந்திருக்கும். வகுப்பு தாண்டிப் போட்டால் அங்கே மிகச் சின்னவளைவிடப் பத்து நாள் சின்னவளாக இருப்பாள், அவ்வளவே. வயசு, உயரம், நட்பு என்று வழக்கமாகச் சொல்லும் தடைகள் இவள் விஷயத்தில் பெரிதாக இல்லை.

ஆனால் இதே பத்து நாளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாடத் தேர்வில் வந்த 99 யாரோடு ஒப்பிட்டது? வகுப்போடு ஒப்பிட்டதாக இருந்தால், தன்னைவிட ஏறக்குறைய ஒரு வயது சின்னப் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். வயதை வைத்து ஒப்பிட்டால் எவ்வளவு என்று கேளுங்கள். பல தேர்வுகளில் இரண்டு விதமாகவும் தருவார்கள், பள்ளி ஒன்றை மட்டும் அச்சடித்துக் கொடுத்திருக்கும். விஸ்க்கில் இந்தப் பிரச்சினை இல்லை, அது வயதைத்தான் பார்க்கும், மாதக் கணக்கு வரை.

அப்புறம் எந்த டெஸ்டும் சொல்லாத ஒன்று, தாண்டிப் போகிற வகுப்பில் என்னென்ன விட்டுப்போகும் என்பது. அந்தப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு ஆண்டுத் தேர்வுத் தாளையே, அதே தாளை, அவளிடம் கொடுங்கள். மார்க்கைப் பார்க்காதீர்கள், எங்கே தப்பு விட்டாள் என்று பாருங்கள். எட்டாம் வாய்ப்பாடு தெரியவில்லை, கடன் வாங்கிக் கழிப்பதில் பூஜ்யம் வந்தால் திணறுகிறாள், கடிகாரம் பார்க்க வரவில்லை, இவையெல்லாம் ஒரு விடுமுறையில் நிரப்பிவிடக்கூடிய ஓட்டைகள். இப்படிப்பட்ட பிள்ளைகள் நான்கு வாரத்தில் பிடித்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். எழுத்து அப்படியில்லை. நான்காம் வகுப்பில் ஒரு பக்கம் ஒன்றரைப் பக்கம் எழுதச் சொல்வார்கள், கரும்பலகையைப் பார்த்து எழுதுவதே வேகமாக நடக்கும். வாயால் கேட்டால் அருமையாகப் பதில் சொல்லும் குழந்தை தாளில் இரண்டு வரியோடு நின்றுவிட்டால், அங்கே போன முதல் மாதத்திலேயே "இவள் வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டாள்" என்று யாராவது சொல்வார்கள். அதைத் தடுப்பது பெரியவர்கள் பொறுப்பு. எழுத்துக்கு மட்டும் கூடுதல் நேரம், சில பதில்களை வாயால் சொல்ல அனுமதி, தட்டச்சு பழக்குவது, இவற்றை முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி, முழு வகுப்பையும் தாண்டாமல் கணக்குக்கும் வாசிப்புக்கும் மட்டும் மேல் வகுப்பில் போய் உட்காருவது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பிள்ளையின் படிப்பை வேகப்படுத்துவதில் இருபது வகை இருப்பதாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள், டபுள் புரமோஷன் அதில் ஒன்றுதான். கணிதமேதை டெரன்ஸ் டாவ் எட்டு வயதில் எஸ்ஏடி கணிதத்தில் 760 வாங்கியவர். அவரைக்கூட எல்லாப் பாடத்திலும் ஒரே தாவலாகத் தூக்கிப் போடவில்லை, ஒவ்வொரு பாடத்திலும் அவர் எங்கே இருந்தாரோ அந்த வகுப்பில் படிக்கவைத்தார்கள். ஏற்ற இறக்கம் உள்ள பிள்ளைக்கு இது பொருத்தமாகத் தோன்றும். நடைமுறையில் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். இரண்டு வகுப்புக்கும் கணக்குப் பாடம் ஒரே நேரத்தில் வருமா? தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பில் மேலே போக வகுப்பே இல்லாதபோது என்ன செய்வார்கள்? இதற்கு விடை இல்லாமல் ஆரம்பித்த ஏற்பாடுகள் இரண்டாவது வருடத்தில் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். நின்றபிறகு அந்தப் பிள்ளை அதே கணக்கை இரண்டாம் முறை படிக்கிறது.


ஒருவகுப்பு_தாண்டியவள் எழுதியது:

எட்டு வயதில் மூன்றிலிருந்து ஐந்துக்குப் போனவள் நான். படிப்பில் எந்தக் கஷ்டமும் வரவில்லை, உண்மையைச் சொன்னால் ஆறு மாதத்தில் மறுபடி அலுப்புத் தட்டிவிட்டது. கஷ்டம் வேறு இடத்தில் வந்தது. என் அக்கா அதே வகுப்பில் இருந்தாள். ஒரே வகுப்பு, ஒரே பரீட்சை, மார்க் வாங்கி வரும் நாளெல்லாம் வீட்டில் ஒரு மாதிரி அமைதி. அக்கா என்னோடு பள்ளிக்கு நடந்து வருவதையே விட்டுவிட்டாள். இப்போது நாங்கள் இருவரும் நெருக்கம்தான், ஆனால் அந்த மூன்று வருடம் அவளுக்கு என்ன செய்தது என்று பெரியவளானபிறகு அவள் சொன்னபோது நான் அழுதுவிட்டேன்.

பின்னால்தான் தெரிந்தது, பள்ளிகள் இதை முடிவு செய்யவே அயோவா ஆக்சிலரேஷன் ஸ்கேல் என்று ஒரு படிவம் இருக்கிறது. அதில் டெஸ்ட் மார்க் ஒரு பகுதி மட்டுமே. வருகை, ஆர்வம், உடல் வளர்ச்சி, பள்ளிக்கு வெளியே என்ன செய்கிறாள், ஆசிரியர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நிறைய கேட்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் நான்கு விஷயம், அதில் ஒன்று இருந்தாலும் முழு வகுப்பு தாண்டுவதைப் பரிந்துரைக்காது. ஐக்யூ சராசரிக்கு மேல் ஒரு படிகூட இல்லாமல், அதாவது 115-க்குக் கீழே இருப்பது. போகப்போகிற வகுப்பில் அண்ணனோ அக்காவோ இருப்பது. இப்போது இருக்கிற வகுப்பிலேயே கூடப்பிறந்தவர் இருப்பது, அதாவது இரட்டைப் பிள்ளையில் ஒன்றை மட்டும் நகர்த்துவது மாதிரி. நான்காவது, பிள்ளைக்கே விருப்பமில்லாமல் இருப்பது.

அந்த நான்காவதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நல்லவேளை எனக்குப் போகப் பிடித்திருந்தது. அம்மா, உங்கள் கேள்வியில் எண்கள் எல்லாம் இருக்கின்றன, அவள் என்ன சொன்னாள் என்பது மட்டும் இல்லை. கேட்டீர்களா? கேட்கும்போது "நீ அங்கே போறியா?" என்று கேட்காதீர்கள், பிள்ளைகள் பெரியவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும். இரண்டு மூன்று நாள் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டு வரட்டும், அப்புறம் கேளுங்கள்.


அளவுகோல் எழுதியது:

பொறுமைக்கு ஒரு வார்த்தை. மார்க் நடுவை நோக்கி இறங்கும் என்பது முழுக்கச் சரி, பதிப்பு பற்றிச் சொன்னதும் சரி. உங்கள் மகனுக்கு ஏற்பட்ட மாதிரி பத்துப் புள்ளி மாற்றம் சின்ன வயதில் ஆச்சரியமே இல்லை. அதனால்தான் ஒரே டெஸ்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்கிறோம். இங்கே தனித்தனியாக எடுத்த இரண்டு டெஸ்டும், வருடம் முழுக்க அவள் வீட்டில் சொன்னதும் ஒரே பக்கம் காட்டுகின்றன. மூன்றாவதாக மேல் வகுப்புத் தேர்வும் அதையே காட்டினால் ஒரு நாள் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது.

ஆய்வுகள் பக்கம், நூறு வருட ஆராய்ச்சிகளைத் திரட்டி 2016-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பு இருக்கிறது. வகுப்பு தாண்டிய பிள்ளைகள், அதே வயதில் அதே திறமையோடு தாண்டாமல் இருந்தவர்களைவிடப் படிப்பில் முன்னால் இருந்தார்கள், புது வகுப்பில் தங்களைவிட மூத்த பிள்ளைகளுக்குச் சமமாக இருந்தார்கள். ஆனால் அது பல பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்த சராசரி. உங்கள் மகனுக்கு நீங்கள் எடுத்த முடிவு தப்பு என்று அது சொல்லாது.

விஸ்க்கை இப்போதே இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். கேள்விகள் பழகியிருக்கும், மார்க் பொய்யாக ஏறும். ஒரு வருடமாவது போகட்டும்.


இரண்டாம்_வகுப்பு_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் மனதார நன்றி. எட்டு நாள் கழித்து வருகிறேன், அதற்குள் சில விஷயம் நடந்திருக்கிறது.

சைக்காலஜிஸ்டைப் போய்ப் பார்த்தேன். வேகத் தேர்வில் என்ன செய்தாள் என்று கேட்டதும் தன் குறிப்புகளைத் திறந்து பார்த்தார். ஒரு குறியீடு கோணலாக வந்துவிட்டது என்று அழிப்பான் கேட்டிருக்கிறாள், கிடையாது என்றதும் அதன்மேலேயே மறுபடி மறுபடி எழுதி நேராக்கப் பார்த்திருக்கிறாள். நேரம் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இது ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட இல்லை. வீட்டுப்பாடத்திலும் அதைத்தான் செய்கிறாள், ஒரு எழுத்து பிடிக்கவில்லையென்றால் பக்கத்தையே கிழித்துவிடுவாள், நான் அதைப் பிடிவாதம் என்று திட்டிக்கொண்டிருந்தேன். பொதுத் திறன் குறியீடும் போட்டுக் கொடுத்தார், 138. துணைத் தேர்வுகளில் 17-க்கு மேல் எதுவும் இல்லை, அதனால் சுவர்க் கோடு தீரவில்லை என்றார். கண் பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், அதையும் தள்ளிப்போடக்கூடாது என்றார்.

பாடத் தேர்வை வயதோடு ஒப்பிட்டுக் கேட்டேன். வாசிப்பு 98, கணக்கு 95, எழுத்து 58. கணக்கு இறங்கியதைப் பார்த்ததும் மனது கொஞ்சம் சுருங்கியது, பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் வாத்தியார் ஐயா சொன்ன மூன்றாம் வகுப்பு ஆண்டுத் தாளைப் பள்ளியில் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். கணக்கில் தப்பெல்லாம் ஒரே இடத்தில்தான், வகுத்தல் குறியையே அவளுக்கு யாரும் காட்டவில்லை. பன்னிரண்டு மிட்டாயை மூன்று பேருக்குப் பங்கு போடு என்றால் போடுகிறாள். அன்று மாலையே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன், முகம் மலர்ந்துபோய்ப் படுக்கும்வரை கணக்குக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எத்தனை மாதம் ஆயிற்று அந்த முகத்தைப் பார்த்து.

அக்கா, அண்ணன் யாரும் இல்லை, தம்பி மட்டும்தான், மூன்று வயது. அவளிடம் கேட்டீர்களா என்றதற்கு, இல்லை, கேட்கவில்லை. அந்த வரியைப் படித்தபோது கை நடுங்கியது. பள்ளியில் பேசி, நான்காம் வகுப்பில் மூன்று நாள் உட்கார அனுமதி வாங்கியிருக்கிறேன், வருகிற வாரம். மேல் வகுப்புத் தேர்வு அதற்கு அடுத்த வாரம். அறுபது வந்தால் சந்தோஷப்பட வேண்டும் என்று வீட்டில் அவரிடம் சொல்லிவிட்டேன், இரண்டு முறை.

ஒரு சந்தேகம். மூன்று நாள் உட்கார்ந்துவிட்டு வந்து அவள் "வேண்டாம்" என்று சொல்லி, மார்க் மட்டும் நன்றாக வந்தால்?


ஒருவகுப்பு_தாண்டியவள் எழுதியது:

ஏன் வேண்டாம் என்று கேளுங்கள். தோழியை விட்டுப் பிரிய மனமில்லை என்றால் அது ஒன்று, எழுதக் கொடுத்தது முடியவில்லை என்றால் வேறு, அந்த டீச்சர் சத்தம் போட்டார் என்றால் இன்னொன்று. முதலாவதாக இருந்தால் கணக்குக்கும் வாசிப்புக்கும் மட்டும் போய்வர முடியுமா என்று பாருங்கள், மதியம் தோழியோடு சாப்பிடலாம். காரணம் எதுவும் சொல்லாமல் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். மார்க் எங்கேயும் போய்விடாது.


பழைய_வாத்தியார் எழுதியது:

இதற்கு நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அவள் போவதாக முடிவானால் "இது ஒன்றரை மாதம் பார்த்துவிட்டுப் பேசலாம்" என்று பள்ளியோடும் அவளோடும் தேதி குறித்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வர வேண்டியிருந்தால் தோற்றுப்போய் வந்தாள் என்று யாரும் சொல்லாதபடி முன்னாலேயே பேசிவைக்கலாம். அப்புறம் வீட்டில் அழிப்பானை ஒளித்துவைக்காதீர்கள், பேனாவால் எழுதப் பழக்குங்கள். அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதலாம் என்று நீங்களே எழுதிக் காட்டுங்கள்.


இரண்டாம்_வகுப்பு_அம்மா எழுதியது:

பேனா நல்ல யோசனை ஐயா, நாளைக்கே வாங்குகிறேன். மேல் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் எண்களை இங்கேயே எழுதுகிறேன், அவள் என்ன சொன்னாள் என்பதையும் சேர்த்து.